பங்காளிச் சண்டையா பாண்டியரை வீழ்த்தியது?

மதுரையின் வரலாற்றைப் பேச வருகிறவர்கள் 1311-ஆம் ஆண்டை எட்டியதும் ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்கள். அரியணைக்காக இரண்டு சகோதரர்கள் அடித்துக்கொண்டார்கள். தோற்றவன் டெல்லிப் படையைக் கூட்டிவந்தான். கோயிலும் கருவூலமும் கொள்ளை போயின. பாண்டியர் ஆட்சி முடிந்தது. பட்டிமன்ற மேடையிலும் பள்ளி வகுப்பிலும் கோயில் வாசலில் பயணிகளுக்குக் கதை சொல்பவரிடமும் இதைத்தான் கேட்கிறோம். கூடவே ஒரு நீதியும் தவறாமல் வருகிறது: ஒற்றுமை இல்லாததால் தமிழன் கெட்டான்.

இந்தத் தீர்ப்பு தவறு. இதில் அடங்கிய செய்திகளில் சில உண்மை. அவற்றிலிருந்து கறந்தெடுக்கும் காரணம் பொய். அதன்மேல் ஏற்றும் நீதி ஆபத்தானது.

மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு சொல்லிவிடுகிறேன். 1268-இல் பட்டமேறிய மாறவர்மன் குலசேகர பாண்டியன் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆண்டவன். அவனுக்குப் பட்டத்தரசி வழியில் சுந்தர பாண்டியனும், வேறொருத்தி வழியில் வீர பாண்டியனும் மக்கள். தந்தை வீர பாண்டியனைத் தன் வாரிசாக்க விரும்பினான். ஆத்திரமுற்ற சுந்தர பாண்டியன் 1310-இல் தந்தையையே கொன்றான். இருவருக்கும் போர் மூண்டது. முதலில் வென்ற சுந்தர பாண்டியன் பின்பு தோற்று டெல்லியில் அலாவுதீன் கில்ஜியிடம் அடைக்கலம் புகுந்தான். இப்படி எழுதியவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப். சகோதரர் இருவரும் போரில் இருந்தார்கள் என்பதற்கு இரண்டாவது சாட்சியும் உண்டு. அதே படையெடுப்பை டெல்லி அரசவையிலிருந்து எழுதிய அமீர் குஸ்ரோ, பாண்டியச் சகோதரர்கள் மோதிக்கொண்டதைக் கேட்ட ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர பல்லாளன் அவர்கள் நகரங்களைச் சூறையாடத் தெற்கே புறப்பட்டான் என்கிறார். ஆக, சண்டை நடந்தது. அதை நான் மறுக்கவில்லை. ‘ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்’ என்ற பழமொழியும் நாக்கு நுனியில் தயாராக இருப்பதால், சண்டையையும் வீழ்ச்சியையும் ஒரே நூலில் கோத்துவிடுவது எளிது. அந்த நூல் இழுத்தால் அறுந்துபோகிறது. எங்கெங்கே அறுகிறது என்று வரிசையாகக் காட்டுகிறேன்.

1. தேதிகள் ஒத்துவரவில்லை

அலாவுதீனின் தளபதி மாலிக் காபூரின் படை டெல்லியை விட்டுக் கிளம்பியது 1310 நவம்பரில். வஸ்ஸாப் சொல்லும் கணக்கில் சுந்தர பாண்டியன் தோற்று ஓடியது ஹிஜ்ரி 710-ஆம் ஆண்டின் நடுவில். அந்த ஆண்டு 1310 மே இறுதியில் தொடங்கியது. ஆகவே அதன் நடுப்பகுதி 1310 நவம்பர், டிசம்பர் மாதங்களில் விழுகிறது. மதுரையில் தோற்றவன் அங்கிருந்து டெல்லிக்குப் போய்ச் சேரவே மாதங்கள் ஆகும். அவன் போய் முறையிட்டு, சுல்தான் மனமிரங்கி, படை திரட்டி, தளவாடம் சேர்த்து அனுப்பியிருந்தால் அந்தப் படை 1310 நவம்பரில் எப்படிக் கிளம்பியிருக்கும்? அழைப்புக்கு முன்பே விருந்தாளி வீட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டான்.

வரும் வழியில் தூது விட்டிருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அப்படியே வைத்துக்கொள்வோம். அப்போதும் படை ஏற்கெனவே தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. வழியில் சேர்ந்துகொண்டவனை, படையை வரவழைத்தவன் என்று சொல்ல முடியாது.

2. இரண்டு சாட்சிகள் ஒன்றையொன்று மறுக்கிறார்கள்

அழைத்தவன் சுந்தர பாண்டியன் என்றால், அவனுடைய மதுரையைக் காபூர் ஏன் தாக்கினான்? குஸ்ரோவின் பதிவைப் பாருங்கள். ஹொய்சளத் தலைநகர் துவாரசமுத்திரத்திலிருந்து 1311 மார்ச்சில் தமிழ்நாட்டுக்குள் இறங்கிய படை முதலில் வீர பாண்டியனின் தலைநகரைப் பிடித்தது, அவன் தப்பினான். கண்ணனூர்ப் பக்கம் தேடியது, அங்கும் சிக்கவில்லை. பிறகு ஏப்ரலில் மதுரைக்கு வந்தது. அங்கே சுந்தர பாண்டியன் தன் அரசியரோடு நகரை விட்டு முன்கூட்டியே ஓடிவிட்டிருந்தான். ஏமாந்த காபூர் கோயிலுக்குத் தீ வைத்தான்.

வஸ்ஸாப் சொல்வது உண்மையானால் அந்த ஏப்ரலில் சுந்தர பாண்டியன் டெல்லியின் நிழலில் இருந்திருக்க வேண்டும். குஸ்ரோ சொல்வது உண்மையானால் அவன் டெல்லிப் படைக்குப் பயந்து மதுரையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தான். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை. எதை நம்புவது? வஸ்ஸாப் பாரசீகத்தில் இருந்தபடி, வணிகர் வாயிலாகக் கேட்டதை எழுதியவர். குஸ்ரோ டெல்லி அரசவையின் கவிஞர். சுல்தானின் வெற்றியைப் பாடுவதே அவர் வேலை. பட்டத்துக்கு உரியவன் ஒருவன் சுல்தானின் காலடியில் வந்து நீதி கேட்டிருந்தால், படையெடுப்புக்கு அதைவிடப் பெரிய நியாயம் கிடைத்திருக்குமா? அதை விட்டுவிட அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அவர் எழுத்தில் அப்படி ஒரு அழைப்பே வரவில்லை.

எழுநூறு ஆண்டுகளாக ஒருவன்மீது ‘துரோகி’ என்ற முத்திரை குத்தப்பட்டிருக்கிறது. அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் தொலைதூரத்திலிருந்த ஒரே சாட்சி. அவரும் எழுதியது அடைக்கலத்தைப் பற்றி. படையைக் கூட்டிவந்ததைப் பற்றி எழுதவில்லை. சுந்தர பாண்டியனைக் குற்றமற்றவன் என்று நான் வாதாடவில்லை. வஸ்ஸாபின் சொல்லை ஏற்றால் அவன் தந்தையைக் கொன்றவன். ஆனால் ஒரு குற்றத்தைச் செய்தவன் மேல் இன்னொரு குற்றத்தைச் சான்றில்லாமல் ஏற்றுவது வரலாறு ஆகாது.

3. டெல்லியின் வழித்தடம் யார் அழைப்புக்கும் காத்திருக்கவில்லை

மதுரையிலிருந்து மட்டும் பார்த்தால் 1311 ஒரு குடும்பக் கதையாகத் தெரியும். டெல்லியிலிருந்து பார்த்தால் அது ஒரு வரிசையின் கடைசி எண். 1296-இல், ஆளுநராக இருந்தபோதே, அலாவுதீன் தேவகிரி யாதவர்மேல் பாய்ந்து அள்ளிய செல்வத்தைக் கொண்டுதான் அரியணை ஏறினான். 1303-இல் அவன் படை வாரங்கலுக்குப் போய்த் தோற்றுத் திரும்பியது. 1307-08 வாக்கில் மீண்டும் தேவகிரி. 1309-10-இல் மீண்டும் வாரங்கல். இம்முறை காகதீயப் பிரதாபருத்திரன் பணிந்தான். 1311 பிப்ரவரியில் ஹொய்சளரின் துவாரசமுத்திரம். மார்ச்சில் தமிழ்நாடு.

இந்தப் படைகள் எதற்கு வந்தன என்பதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. வடமேற்கில் மங்கோலியர் அடுத்தடுத்து மோதிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தடுக்க அலாவுதீன் பெரும் நிலைப்படையை வைத்திருந்தான். அதற்குச் சம்பளம் கொடுக்கப் பொன் வேண்டும், போருக்கு யானை வேண்டும். நாட்டைப் பிடித்து ஆளும் எண்ணம் அப்போது அவனுக்கு இல்லை. அரசனை அரசனாகவே விட்டுவிட்டுக் கருவூலத்தை வாங்கிக்கொள்வதே அவன் தெற்குக் கொள்கை. 1311 அக்டோபரில் காபூர் டெல்லி திரும்பியபோது கொண்டுவந்தவற்றைக் குஸ்ரோ 512 யானை, 5,000 குதிரை என்று எழுதுகிறார். பல ஆண்டுகள் கழித்து எழுதிய ஜியாவுதீன் பரணி 612 யானை, 20,000 குதிரை என்கிறார். எண்ணிக்கையில் இருவரும் வேறுபட்டாலும், யானையையும் குதிரையையும் பொன்னையும் மணியையும் பெருமையோடு பட்டியலிடுவதில் வேறுபடவில்லை. படையின் நோக்கத்தை அந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

முந்திய தலைமுறையில் சடையவர்மன் சுந்தர பாண்டியன் சிதம்பரத்துக்கும் திருவரங்கத்துக்கும் பொன் வேய்ந்தான். அதனால் ‘பொன்வேய்ந்த பெருமாள்’ என்றே பெயர் பெற்றான். மார்க்கோ போலோ 1292-ஐ ஒட்டிக் கடற்கரையைத் தொட்டுப் போனபோது பாண்டிய நாட்டு முத்தையும் செல்வத்தையும் கண்டு வியந்தார். இப்படிப்பட்ட நாட்டைத் தேடி வர, பொன்னுக்காகவே துவாரசமுத்திரம் வரை வந்துவிட்ட படைக்கு உள்நாட்டு இளவரசன் ஒருவனின் அழைப்பு எதற்கு?

4. ஒரே அரசன் ஆண்ட நாடுகளும் விழுந்தன

பங்காளிச் சண்டைதான் காரணம் என்றால், சண்டை இல்லாத இடத்தில் வீழ்ச்சியும் இருந்திருக்கக் கூடாது. தேவகிரியில் ராமச்சந்திரன் ஒருவனே அரசன். வாரங்கலில் பிரதாபருத்திரன் ஒருவனே. துவாரசமுத்திரத்தில் வீர பல்லாளன் ஒருவனே. இம்மூன்று இடத்திலும் அரியணைக்கு எதிர்ப்போட்டியாளன் படையோடு நிற்கவில்லை. மூன்றும் பணிந்தன, கருவூலத்தைத் திறந்தன, டெல்லிக்குக் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டன.

இங்கே எதிர்த்தரப்பு கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. இந்த நான்கு நாடுகளில் எந்த அரசனும் பணியாத நாடு எது? குஸ்ரோவின் பதிவின்படி வீர பாண்டியனும் அகப்படவில்லை. சுந்தர பாண்டியனும் அகப்படவில்லை. இருவரும் காபூரின் முன் வந்து மண்டியிட்டதாக அதில் இல்லை. திடீர் மழையில் நனைந்து, காட்டிலும் மேட்டிலும் தேடி, யானைகளையும் பொன்னையும் அள்ளிக்கொண்டு, சுமார் ஆறு வாரத்தில் அவன் திரும்பினான். பாண்டிய நாட்டில் தன் ஆளுநர் எவனையும் அமர்த்திவிட்டுப் போகவில்லை. ஒரே அரசன், ஒரே கோட்டை என்றிருந்த நாடுகளில் கோட்டையை வளைத்தால் கதை முடிந்தது. அதிகாரம் பல இடங்களில் பரவியிருந்த பாண்டிய நாட்டில் வளைப்பதற்கு ஒரே கோட்டை என்று ஏதும் இல்லை. பிளவு நல்லது என்று நான் சொல்லவரவில்லை. ‘பிளவு இருந்தது, அதனால் வீழ்ந்தது’ என்ற சூத்திரம் பக்கத்து நாடுகளோடு ஒப்பிட்ட உடனே உடைந்துவிடுகிறது என்கிறேன்.

5. பல அரசர் சேர்ந்தாள்வது பாண்டியருக்குப் புதிதல்ல

ஒரு நாட்டில் இரண்டு அரசர் என்றதும் நமக்கு நோயாகத் தெரிகிறது. பாண்டியருக்கு அது வழக்கம். ஒரே காலத்தில் பல பாண்டியர் முடிசூடி, ஆளுக்கொரு பகுதியை ஆண்டு, ஆளுக்கொரு ஆட்சியாண்டுக் கணக்கில் கல்வெட்டு வெட்டினார்கள். ஐந்து சகோதர அரசர் இந்நாட்டை ஆள்வதாக மார்க்கோ போலோவும் எழுதினார். வீர பாண்டியன் 1297 வாக்கிலும் சுந்தர பாண்டியன் 1303 வாக்கிலும் தத்தம் ஆட்சியாண்டுகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். தந்தை அப்போது உயிரோடு ஆண்டுகொண்டிருந்தான். பாண்டியப் பேரரசு தன் உச்சியில் இருந்ததே இந்தக் கூட்டாட்சி முறையில்தான். எந்த முறை ஏற்றத்துக்குத் துணை நின்றதோ, அதையே இறக்கத்துக்கு ஒரே காரணம் என்று எப்படிச் சொல்வது?

6. இதே சண்டை, இதே அழைப்பு. முடிவு மட்டும் நேர்மாறு

இதுவே என் மறுப்பின் நடுத்தூண். 1311-க்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மதுரை இதைவிடப் பெரிய பங்காளிப் போரைக் கண்டது. பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் அரியணைக்கு மோதினார்கள். மதுரைக்குள் முற்றுகையிடப்பட்ட பராக்கிரமன் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். உதவி வருவதற்குள் அவன் கொல்லப்பட்டான். ஆயினும் தளபதி இலங்காபுரன் தலைமையில் ஈழப்படை கடல் தாண்டி இறங்கி, இறந்தவனின் மகன் வீர பாண்டியனுக்காகப் போரிட்டது. குலசேகரன் சோழனை அழைத்தான். சோழப்படை வென்று, ஈழத் தளபதிகளின் தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் அறைந்ததைப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது. பிறகு ஈழம் குலசேகரன் பக்கம் சாய்ந்தது. உடனே சோழர் வீர பாண்டியன் பக்கம் சாய்ந்தார்கள். அதன்பின் சோழன் மூன்றாம் குலோத்துங்கன் விக்கிரம பாண்டியனுக்காக மதுரைமேல் படையெடுத்து, ‘மதுரையும் ஈழமும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய’ என்று தன் மெய்க்கீர்த்தியில் பொறித்துக்கொண்டான்.

பங்காளிப் பகை, அயல் அரசனுக்கு அழைப்பு, மதுரைக்குள் அயல் படை என்று எதிர்த்தரப்பு சொல்லும் காரணங்கள் அத்தனையும் அங்கே இரட்டிப்பாக இருந்தன. அதன்பின் நடந்தது என்ன? 1216-இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழநாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். 1251-இல் வந்த சடையவர்மன் சுந்தர பாண்டியன் நெல்லூர் வரை பாண்டியக் கொடியை ஏற்றினான். 1279-க்குப் பிறகு சோழ மன்னன் என்று சொல்ல ஆளில்லை. அந்தப் பங்காளிப் போர் கழிந்து ஒரு நூற்றாண்டுக்குள் பாண்டியர் தென்னகத்தின் தலைமை அரசாகிவிட்டார்கள்.

அதே நோய் ஒருமுறை வளர்ச்சியிலும் மறுமுறை சாவிலும் முடிந்தால், சாவுக்குக் காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும்.

7. 1311 முடிவு அல்ல

கொள்ளை வேறு, வீழ்ச்சி வேறு. காபூர் போன பிறகும் சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் இருவர் பெயரிலும் கல்வெட்டுகள் தொடர்ந்து வெட்டப்பட்டன. தானங்கள் நடந்தன. மதுரை டெல்லியின் மாகாணமானது 1323-இல், பின்னாளில் முகமது பின் துக்ளக் என்று அறியப்பட்ட உலுக் கான் வாரங்கலை முடித்துவிட்டுத் தெற்கே வந்தபோது. இடையில் கழிந்தவை பன்னிரண்டு ஆண்டுகள்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பாண்டிய நாட்டின்மேல் பாய்ந்தவர்கள் யார்? வேணாட்டு ரவிவர்மன் குலசேகரன் மேற்கிலிருந்து புகுந்து, காஞ்சி வரை போய், வேகவதிக் கரையில் முடிசூடிக்கொண்டான். 1316-இல் காகதீயத் தளபதி முப்பிடி நாயகன் காஞ்சியைப் பிடித்தான். 1318-இல் டெல்லித் தளபதி குஸ்ரோ கான் ஒருமுறை சூறையாடினான். காபூர் அடித்தது ஒரு அடி. நாட்டை எழவிடாமல் செய்தவை அதன்பின் நாலாபக்கமிருந்தும் விழுந்த அடிகள். அந்த அடிகளில் பாதி அயலாரான வேணாட்டினரும் காகதீயரும் அடித்தவை. ‘துரோகி அழைத்தான், எல்லாம் முடிந்தது’ என்ற கதையில் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு இடமே இல்லை. இடம் கொடுத்தால் கதை நிற்காது என்பதே அதற்குக் காரணம்.

8. சாக்கை விட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்

கிறிஸ்துவுக்கு முன் 431-இல் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் தொடங்கி 404 வரை நடத்திய பெலொப்பொனேசியப் போரை எழுதிய துசிடிடீஸ் தன் நூலின் தொடக்கத்திலேயே ஒரு பிரிவினை செய்தார். ஊரறியச் சொல்லப்பட்ட புகார்கள் ஒருபக்கம், உண்மைக் காரணம் மறுபக்கம். அந்தப் போரின் முதல் பொறி எபிடாம்னஸ் என்ற நகரின் உட்பகையில் விழுந்தது. அங்கே ஒரு பிரிவு கோர்சைராவிடம் உதவி கேட்டு, கிடைக்காமல், கொரிந்துவைக் கூப்பிட்டது, கோர்சைரா ஏதென்ஸின் துணையை நாடியது, பொறி தீயானது. ஆனால் எபிடாம்னஸ்காரர்கள் அடித்துக்கொண்டதால்தான் கிரேக்கம் அழிந்தது என்று துசிடிடீஸ் எழுதவில்லை. ஏதென்ஸின் வளர்ச்சியும் அது ஸ்பார்ட்டாவுக்குள் எழுப்பிய அச்சமுமே உண்மைக் காரணம் என்றார்.

அந்த அளவுகோலை மதுரைக்கு வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, பாண்டியரின் வளர்ச்சியே அவர்களைத் தனிமைப்படுத்தியது. சோழரை முடித்தார்கள். கண்ணனூரில் ஹொய்சள சோமேசுவரனைக் கொன்றார்கள். சேந்தமங்கலத்துக் காடவரை ஒடுக்கினார்கள். நெல்லூர்ப் பக்கம் காகதீயரோடு மோதினார்கள். மாறவர்மன் குலசேகரன் ‘கொல்லங்கொண்ட பாண்டியன்’ என்று பட்டம் சூடினான். 1311-இல் சுற்றிலும் இருந்த அரசுகளில் மதுரையால் அடிபடாதது எது? பல்லாளன் வாய்ப்புப் பார்த்துக் கிளம்பியதும், ரவிவர்மன் நுழைந்ததும், காகதீயர் காஞ்சிக்கு வந்ததும் இந்தக் கணக்கைத் தீர்க்கத்தான். ‘தமிழர் ஒற்றுமை’ பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்: தஞ்சையை எரித்தவனும் தமிழன்தானே?

இரண்டாவது, குதிரை. அக்காலப் போரின் உயிர்நாடி குதிரைப்படை. டெல்லிக்கு நிலவழியாகக் குதிரை வந்தது. வளர்க்கவும் பழக்கவும் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். பாண்டியருக்கோ ஒவ்வொரு குதிரையும் காயல் முதலான துறைமுகங்கள் வழியே கடலில் வர வேண்டும். ஆண்டுக்கு 10,000 குதிரை பாரசீகக் கடற்கரையிலிருந்து வந்ததாகவும், ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை என்றும், வழியில் செத்த குதிரைக்கும் அரசே பணம் கட்டியதென்றும் வஸ்ஸாப் எழுதுகிறார். அந்த வணிகத்தை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த தகியுத்தீன் பாண்டிய அரசில் அமைச்சராகவும் இருந்தார். வந்த குதிரைகளோ பராமரிக்கத் தெரியாமல் ஆண்டுக்குள் பெரும்பாலும் செத்துப்போயின என்கிறார் மார்க்கோ போலோ. ஆண்டுதோறும் கருவூலத்தைக் கரைத்து வாங்கியும் நிலையான குதிரைப்படை அமையாத நாடு அது. குதிரைமேல் வந்த படையைத் திறந்த வைகைச் சமவெளியில், பங்குனி சித்திரையில், சகோதரர் இருவரும் கைகோத்து நின்றிருந்தாலும் எதிர்த்து நிறுத்துவது எளிதாக இருந்திருக்காது.

மூன்றாவது, வாரிசுரிமைக்கு விதி இல்லை. பல அரசர் சேர்ந்தாளலாம். ஆனால் மூத்தவன் மறைந்தபின் முதலிடம் யாருக்கு என்பதை முடிவுசெய்ய ஒரு முறை வேண்டாமா? நாற்பதாண்டு ஆண்ட குலசேகரன் அந்த முறையை வகுக்கவில்லை. இரண்டு மகன்களுக்கும் முடிசூட்டி, இருவருக்கும் படை கொடுத்து, பிறகு ஒருவனைத் தேர்ந்தெடுத்தான். மகன்கள் கத்தி எடுத்ததைப் பழிக்கிறோம். இருவர் கையிலும் கத்தியைக் கொடுத்த தந்தையைப் பேரரசன் என்று புகழ்கிறோம்.

9. இது மதப்போரும் அல்ல

அண்மைக்காலத்தில் பங்காளிக் கதையோடு இன்னொரு பூச்சும் சேர்ந்துவருகிறது. 1311-ஐ இரு மதங்களின் மோதலாக நிறுத்தி, அதன் கணக்கை இன்றைய மதுரைத் தெருக்களில் தீர்க்கப் பார்க்கிறார்கள். பாண்டியனின் அமைச்சர் ஒரு முஸ்லிம். பாண்டியன் படையில் முஸ்லிம் வீரர்கள் இருந்ததைக் குஸ்ரோவே எழுதுகிறார். வேகவதிக் கரையில் முடிசூடிய ரவிவர்மனும் காஞ்சியைப் பிடித்த முப்பிடி நாயகனும் முஸ்லிம்கள் அல்லர். கோயில் எரிந்தது உண்மை. அந்தக் கொடுமையை மூடிமறைக்க வேண்டியதில்லை. பின்னாளில் மதுரையில் தனி சுல்தானியம் அமைந்து, 1342-இல் அது வீர பல்லாளனைக் கொன்று அவன் உடலைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்ட கொடூரமும் உண்மை. ஆனால் 1311-இல் யார் யாரோடு நின்றார்கள் என்ற கணக்கில் மதம் எல்லைக்கோடாக இருக்கவில்லை.

பழைய கதை நமக்குச் செய்யும் தீங்கு

இவ்வளவும் எழுநூறு ஆண்டுக்கு முந்திய விஷயம்தானே, கதை சற்றுப் பிசகினால் என்ன என்று கேட்கலாம். கதை தரும் பழக்கம் இன்றைக்கும் வேலை செய்கிறது. அதனால்தான் இதை எதிர்க்கிறேன்.

ஒரு தோல்வி வந்ததும் துரோகியைத் தேடும் பழக்கம் அது. துரோகி கிடைத்துவிட்டால் கேள்விகள் நின்றுவிடும். படைக்குச் செலவான பொன் எங்கே போனது, அண்டை நாடுகளை ஏன் பகைத்தோம், அதிகாரம் கைமாற விதி ஏன் இல்லை என்று எவரும் கேட்பதில்லை. ஆண்டவர்கள் செய்த முடிவுகளின் கணக்கு, ஒரு மகனின் கெட்ட குணத்துக்குள் புதைந்துபோகிறது.

அந்தப் பழக்கம் இன்னொரு பாடத்தையும் சேர்த்தே புகட்டுகிறது: ஒருவன் கையில் எல்லா அதிகாரமும் இருந்தால் நாடு பிழைக்கும், மாற்றுக் கருத்து எழுந்தால் அழியும் என்பதே அது. கட்சியிலும் சங்கத்திலும் ஊர்ப் பொதுக்காரியத்திலும் தலைமையைக் கேள்வி கேட்பவனைப் பார்த்து ‘ஒற்றுமையைக் குலைக்காதே’ என்று அடக்கும்போது, வரலாற்றிலிருந்து எடுத்துக் காட்டப்படுவது பாண்டியச் சகோதரர் கதைதான். ஒற்றுமை வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் வாரங்கலில் ஒரே தலைமை இருந்தது, அது விழுந்தது. துவாரசமுத்திரத்தில் ஒரே தலைமை இருந்தது, அது பணிந்தது. கேள்வி கேட்க ஆளில்லாத ஒற்றுமை எந்தக் கோட்டையையும் காத்ததாகச் சான்றில்லை.

பாண்டியர்கூட 1323-இல் மறைந்துவிடவில்லை. அவர்கள் மரபு தெற்கே நகர்ந்தது. தென்காசியில் 1446-இல் பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கினான். மதுரையை இழந்து நூறாண்டு கழித்தும் கோபுரம் எழுப்பும் வலு ஒரு குலத்துக்கு இருந்ததென்றால், அதன் வரலாற்றை ஒரு துரோகியின் பெயரோடு மூடிவிடுவது அந்தக் குலத்துக்கும் நியாயமல்ல, நமக்கும் நியாயமல்ல.

ஆகவே மேடையேறும் பேச்சாளர்களையும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். சகோதரர் சண்டையைச் சொல்லுங்கள், அது நடந்தது. அதோடு நிறுத்தாதீர்கள். டெல்லிப் படை எந்த மாதம் கிளம்பியது என்று சொல்லுங்கள். தேவகிரியையும் வாரங்கலையும் துவாரசமுத்திரத்தையும் சொல்லுங்கள். காயலில் இறங்கிச் செத்த குதிரைகளைச் சொல்லுங்கள். மதுரை எரித்த தஞ்சையைச் சொல்லுங்கள். விதி வகுக்காத தந்தையைச் சொல்லுங்கள். காபூர் போனபின் கிடைத்த பன்னிரண்டு ஆண்டுகளைச் சொல்லுங்கள். இத்தனையும் கேட்ட பிறகும் ஒரு மாணவி எழுந்து, “பங்காளிச் சண்டைதான் காரணம்” என்று வாதாடினால், அவள் வாதத்தை மதித்துக் கேட்போம். இவற்றை அவளிடமிருந்து மறைத்துவிட்டு அந்த ஒற்றை வரியை மனப்பாடம் செய்யச் சொல்வதை மட்டும் இனி ஏற்க முடியாது.